பூனைக்கு ஒரு காலம்

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்னும் பழமொழியை நம்மில் அறியாதார் இலர். வலியோன் தன்னை இகழுங்கால் எளியோன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் ஆறுதல் மொழி அது. ஆயின், பூனைக்கு உண்மையாகவே ஒரு காலம் வந்த செய்தியை நம்மவருட் பலர் ஊன்றி நோக்கினாரல்லர். 2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்த்தல் சட்டத்திற்கு உடன்பாடான செயலாயிற்று. ஏறத்தாழ 35 ஆண்டுகள் சாத்திக் கிடந்த கதவு அன்று திறந்தது.

ஒரு பூனையைப் பற்றி வரலாறு எழுதுவானேன் என்று நகைப்பவர் நகைக்கட்டும். இது பூனையின் கதை மட்டுமன்று. பிறருக்கு உரிய கூரையின்கீழ் வாடகைக்கோ குத்தகைக்கோ வாழ்கின்றவனுக்கு அக்கூரையின்கீழ் எவ்வளவு உரிமை உண்டு, அவ்வுரிமைக்கு ஈடாக அவன் ஏற்கவேண்டிய கடமை யாது என்னும் கேள்வியின் கதையுமாகும். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இக்கேள்வியின் கூர்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வேலை உள்ளவரைதான் வீடு. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையை அவர்கள் தம் தந்தையர் காலத்திலேயே கண்டவர்கள்.

களஞ்சியம் தந்த நட்பு

பூனை மனிதனிடம் வந்த வழி வேறு. நாயும் ஆடும் மாடும் வந்த வழி வேறு. உழவு தோன்றித் தானியத்தைச் சேர்த்துவைக்கும் பழக்கம் பிறந்தபோது எலி பெருகிற்று. எலியைத் தேடிக் காட்டுப்பூனை ஊருக்குள் வந்தது. மனிதன் அதனைப் பிடித்துக் கட்டிவைத்தானில்லை. அது தானே வந்து, தனக்கு நலமென்று கண்டு, தங்கிற்று. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், ஒரு மனிதனின் எலும்புக்கூட்டிற்கு மிக அருகில் ஒரு பூனையின் எலும்புக்கூடு முழுமையாகக் கிடைத்தது. 2004ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. அத்தீவுக்குரிய பூனையினம் அப்போது இல்லாமையால், கடல் கடந்து படகில்தான் அது கொண்டுவரப்பட்டிருத்தல் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். கப்பலேறி வேற்று நாடு புகுந்தவர்களின் வழிவந்த நமக்கு, கடல் கடந்து வந்த அப்பழம்பெரும் பயணி ஓரளவு உறவுமுறைதான்.

நம் மொழியும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. காட்டில் திரிவதனை வெருகு என்றும், வீட்டை அண்டியதனைப் பூசை என்றும் பூனை என்றும் தமிழர் வழங்கினர். ஆயின் பிற்காலத்தே நாம் பூனைக்குச் செய்த தீங்கும் சிறிதன்று. வெளியே புறப்படுங்கால் அது குறுக்கே ஓடிவிட்டால் சகுனத்தடை என்று திரும்பி வந்து உட்காரும் வழக்கத்தை நம் வீடுகளில் இன்றும் காணலாம். தன் இரையைத் தேடிப் போகும் உயிருக்கு நம் கல்யாணமும் வியாபாரமும் எங்ஙனம் தெரியும்? கல்வி பெருகிய இந்நாளிலும் இம்மூடநம்பிக்கையைச் சுமப்பது நமக்கு இழுக்கேயன்றிப் பூனைக்கு இழுக்கன்று.

சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகளில் அரிசி மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்த காலத்தில் பூனைக்கு வேலை இருந்தது. கடைத்தெருவின் அஞ்சடியில் படுத்துறங்கவும், கம்பத்து வீட்டுத் திண்ணையில் மீன் தலைக்குக் காத்திருக்கவும் அதற்கு எவருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை. வீட்டிற்கும் வெளிக்கும் இடையே அன்று திறந்த வாயில் ஒன்றுதான் இருந்தது. பூனை இரண்டிற்கும் சொந்தமாக வாழ்ந்தது.

மாடி எழுந்தது

1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட பெருந்தீ, ஏறக்குறைய 16,000 மக்களை வீடற்றவராக்கிற்று. அத்தாப்புக் கூரைகள் இருந்த இடத்தில் கற்கட்டடங்கள் எழுந்தன. முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கழகம் கட்டி முடித்தது. 1964இல் மக்கள் தம் வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளும் திட்டமும் தொடங்கிற்று. இன்று அந்நாட்டில் குடியிருப்போருள் 100க்கு 75 பேருக்கு மேல் இக்கழக வீடுகளில் வாழ்கின்றனர். ஏழை மக்களுக்குக் குழாய்த் தண்ணீரும், மின்விளக்கும், மலக்கூடமும், காற்றோட்டமும் தந்த இப்பணியை எவரும் குறைத்துப் பேசவொண்ணாது.

எனினும், விலைக்கு வாங்கியவரும் 99 ஆண்டுக் குத்தகைக்குரியவரே என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். அவரிடம் அறையொன்றை வாடகைக்கு எடுத்தவர் அதனினும் ஒருபடி கீழே நிற்பவர். ஏழைகளுக்கெனக் கழகமே குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளும் உள. இம்மூவரையும் கழகத்தின் விதி ஒருங்கே கட்டுப்படுத்தும். அவ்விதி 1989ஆம் ஆண்டு முதல் பூனையை வாயிற்படிக்கு வெளியே நிறுத்திற்று. அனுமதிக்கப்பட்ட சிறு இன நாய் ஒன்றை வளர்க்கலாம். பூனை மட்டும் ஆகாது. மீறினால் 4,000 வெள்ளி வரை தண்டம்.

கழகம் கூறிய காரணங்கள் மூன்று வகைப்படும். பூனை ஓரிடத்தில் அடங்கியிராது, அலைந்து திரியும் இயல்புடையது என்பது ஒன்று. பொதுவிடங்களில் மலசலங் கழித்தும் மயிர் உதிர்த்தும் தூய்மையைக் கெடுக்கும் என்பது மற்றொன்று. இரவில் கத்தி அயலார் உறக்கத்தைக் கலைக்கும் என்பது மூன்றாவது. இக்குற்றச்சாட்டுகள் பொய்யல்ல. நூறு குடும்பங்கள் ஒரே படிக்கட்டையும் ஒரே நடைவழியையும் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் ஒருவர் விருப்பம் மற்றவர் துன்பமாதல் எளிது. ஆயின் இவை தீர்க்கவியலாத குற்றங்களா, அன்றி வீட்டை ஒழுங்கு செய்தால் தீரக்கூடியவையா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அக்கேள்விக்கு மறுமொழி காண ஒரு தலைமுறைக் காலம் சென்றது.

சிலைக்கு ஆற்றங்கரை, உயிருக்குத் தெரு

இவ்விடத்தே வரலாறு ஒரு வேடிக்கையைக் காட்டுகின்றது. வீட்டினுள் பூனைக்குத் தடை விழுந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1990களின் தொடக்கத்தில், சிங்கப்பூரின் சுற்றுலாத் துறையினர் ஒரு பூனையையே நகரின் அடையாளமாக்கினர். ‘சிங்கப்பூரா’ என்னும் சிறிய பழுப்புநிறப் பூனையினத்திற்குக் குச்சிந்தா என்று பெயரிட்டனர். மலாய் மொழியில் பூனையைக் குறிக்கும் சொல்லையும் அன்பைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து ஆக்கிய பெயர் அது. கவேனா பாலத்தருகே வெண்கலத்தில் வடித்த பூனைகள் இன்றும் உள. அப்பாலத்தின் பழைய அறிவிப்புப் பலகை மாட்டையும் குதிரையையும் பாலத்தின்மேல் வரலாகாதென்று தடுக்கின்றது, பூனையைத் தடுக்கவில்லை.

அவ்வினத்தின் பிறப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 1975இல் அமெரிக்கத் தம்பதியர் சிங்கப்பூரிலிருந்து சில பூனைகளைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்று, அவை அத்தீவின் வாய்க்காலோரங்களில் வாழ்ந்த இயற்கைப் பூனைகள் என்றனர். பின்னர், 1974இல் அவர்களே மூன்று பூனைகளைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவந்திருந்த பத்திரம் வெளிப்பட்டது. பிற்கால மரபணு ஆராய்ச்சியும் இவ்வினம் பர்மியப் பூனைக்கு மிக நெருங்கியதெனக் காட்டிற்று. இவ்வழக்கில் மெய் எதுவாயினும் ஆகுக. பெயர் பெற்ற பூனைக்குச் சிலை. பெயரற்ற பூனைக்குப் புளோக்கின் கீழ்த்தளம்! குலம் பார்த்து மதிக்கும் பழக்கம் மனிதரோடு நில்லாமல் பூனையையும் தொடர்ந்ததனை நோக்குக.

தெருவில் வாழ்ந்த பூனைகளின் நிலை யாது? பிடித்துக் கொல்லுதலே நெடுங்காலம் அதிகாரிகளின் வழியாயிருந்தது. 1998இல், பிடித்துக் கருத்தடை அறுவை செய்து மீண்டும் அவ்விடத்திலேயே விடும் திட்டமொன்று தொடங்கிற்று. 1999இல் பூனைகள் நலச் சங்கம் தோன்றிற்று. ஆயின் 2003இல் சார்ஸ் என்னும் கொடுநோய் பரவியபோது, நகர்த் தூய்மையின் பேரால் அத்திட்டம் கைவிடப்பட்டது. தெருப்பூனைகளைப் பிடித்துக் கொல்லும் வேலை விரைந்து நடந்தது. அச்சம் வந்தால் மனிதன் முதலில் கைவைப்பது வாயில்லாதவற்றின் மேல்தான் என்பதற்கு இஃதொரு சான்று. 2011இல்தான் கருத்தடைத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

சோங் பாங் காட்டிய வழி

திருப்பம் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் ஏற்பட்டது. யீஷூன் வட்டாரத்தைச் சேர்ந்த சோங் பாங்கில், அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அந்நாள் சட்ட அமைச்சருமான கா. சண்முகம் அவர்களின் ஆதரவோடு, கழக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு ஒரு சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. பூனைக்குக் கருத்தடை செய்தல் வேண்டும். அடையாள மின்சில்லு பொருத்துதல் வேண்டும். பதிவு செய்தல் வேண்டும். அது வெளியேறா வண்ணம் சன்னலுக்கும் வாயிற் கம்பிக்கதவுக்கும் வலை அடித்தல் வேண்டும். இவை நிபந்தனைகள். திட்டம் பன்முறை நீட்டிக்கப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் அங்குப் பூனைகள் வீட்டினுள் வாழ்ந்தன. தடைக்குக் காரணமாகக் கூறப்பட்ட மூன்று குற்றங்களுக்கும் ஒரு வட்டாரத்து மக்கள் தம் வீட்டினாலேயே மறுமொழி கூறினர்.

2022இல் அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 2024 செப்டம்பர் முதல் நாள் புதிய சட்ட அமைப்பு நடைமுறைக்கு வந்தது. கழக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஒவ்வொன்றிற்கும் உரிமச்சீட்டும் மின்சில்லும் வேண்டும். முதன்முறை உரிமம் பெறுவோர் வளர்ப்புமுறை பற்றிய சிறு பாடமொன்றைப் படித்து முடித்தல் வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை மாறுதல் காலமென்று வரையறுத்து, கருத்தடை செய்யப்பட்ட பூனைக்கு அக்காலத்தில் உரிமம் இலவசமாக்கினர். அதன்பின் உரிமமின்றி வளர்ப்பார்க்கு 5,000 வெள்ளி வரை தண்டம் என்றும் விதித்தனர். வருமானங் குறைந்த குடும்பத்தாரின் பூனைகளுக்கு இலவசக் கருத்தடைக்கும் வழி செய்யப்பட்டது. பிந்தியதே நம் மனத்தை மிகவும் கவர்வது. கட்டணம் கொடுப்பவனுக்கு மட்டும் உரிய உரிமை உரிமையன்று.

வீட்டைப் பக்குவம் செய்தல்

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ ஒரு பூனையை எடுத்து வளர்க்க எண்ணும் குடும்பம் தன் வீட்டை எங்ஙனம் பக்குவப்படுத்த வேண்டும் என்பதும் இவ்வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. கழகத்தின் மூன்று குற்றச்சாட்டுகளையும் வரிசையாக எடுத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, அலைந்து திரிதல். இதற்கு மறுமொழி வலை. பூனை எவ்வளவு உயரத்தினின்று வீழ்ந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்று நம்புவோர் பலர். நியூயார்க் நகரத்து விலங்கு மருத்துவமனையொன்றில், மாடியினின்று வீழ்ந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆராய்ச்சி 1987இல் வெளியாயிற்று. அவற்றுள் 100க்கு 90 பிழைத்தன. இதனைப் படித்து மகிழ்ந்தவர் ஒன்றை மறந்தனர்: வீழ்ந்தவிடத்திலேயே மாண்ட பூனையை எவரும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதில்லை. பிழைத்தவற்றிலும் மார்பு நசுங்கியவையும், தாடையும் காலும் முறிந்தவையும் பல. ஆதலின் பூனை வருவதற்கு முன்னரே ஒவ்வொரு சன்னலுக்கும், குளியலறைக் கண்ணாடிப் பலகைகளின் இடைவெளிக்கும், வாயிற் கம்பிக்கதவுக்கும் வலை அடித்துவிடல் வேண்டும். தலை நுழையும் இடத்தில் உடல் நுழையும். குட்டியின் தலை மிகச் சிறிது. சிங்கப்பூரில் தெருப்பூனைகளை மீட்டு வளர்ப்போர் பலர், வலை அடித்திருப்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே பூனையைக் கொடுக்கின்றனர். பெண்ணைக் கொடுப்பவர் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதுபோல அவர்கள் வருவது முறையே.

இரண்டாவது, தூய்மைக் கேடு. இதற்கு மறுமொழி ஒரு தட்டும் சிறிது மண்ணும். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பார், சாம்பலுக்கும் மணலுக்கும் பதிலாக ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகளைப் பூனை வளர்ப்போர்க்கு விற்கத் தொடங்கினார். ஐந்து பவுண்டுப் பை 65 காசு. பூனையை நாளெல்லாம் வீட்டினுள் வைத்துக்கொள்வதைப் பொதுமக்களுக்கு எளிதாக்கியது அரசாணையன்று, இம்மண் பையே. மண்ணைக் கண்டால் தோண்டி மூடுவது பூனையின் பிறவிக் குணம். எத்தனை பூனையோ அதற்கு ஒன்று கூடுதலாகத் தட்டு வைப்பது நலம். உணவுத் தட்டிலிருந்து விலக்கிவைத்து, நாள்தோறும் அள்ளிவிடல் வேண்டும். இதற்கு நாற்றம் மட்டும் காரணமன்று. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரின் முட்டை இருத்தல் கூடும். வெளிப்பட்டு ஒரு நாள் முதல் ஐந்து நாளுக்குள்தான் அது நோய்தரும் ஆற்றலைப் பெறும். ஆகவே, உடனுக்குடன் அள்ளினால் அச்சம் பெரிதும் குறையும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையை வீட்டு ஆடவரிடம் விட்டுவிடுதல் வேண்டும். ஆடவர்க்கு இஃதொரு நல்ல பயிற்சியுமாகும்.

மூன்றாவது, இரவுக் கூச்சல். இதற்கு மறுமொழி கருத்தடை அறுவை. இணை தேடுங்கால் எழுப்பும் கூச்சலும், ஆண்பூனை மூலைதோறும் சிறுநீர் தெளிக்கும் வழக்கமும் அதனாற் பெரும்பாலும் அடங்கும். குட்டிகளைப் பெட்டியிலிட்டுச் சந்தையோரத்தில் விட்டுவரும் பாவமும் இராது.

இவற்றோடு அறிய வேண்டியன இன்னும் சில. மனிதர் தலைவலிக்குத் தின்னும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு உயிர்கொல்லி நஞ்சு. ஒன்றே அதனை மாய்த்துவிடலாம். லில்லி மலரின் இதழும் மகரந்தமும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் அதற்கு ஆகா; நம் சமையலில் மிஞ்சிய குழம்புச் சோற்றை அன்பென்று எண்ணி இடுதல் தகாது. புதிதாய் வந்த பூனைக்கு வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடாமல், ஓர் அறையில் உணவும் நீரும் மண்தட்டும், ஒளிந்துகொள்ள ஒரு காகிதப் பெட்டியும் வைத்து விடுக. தெருவில் அடியும் துரத்தலும் கண்ட உயிர் அது. சில நாளோ சில வாரமோ கட்டிலின் கீழேயே கிடக்கும். அதனை இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சுவது அன்பன்று. அது தானாக வரும்வரை காத்திருப்பதே அன்பு.

வாடகைக்காரர் கவனத்திற்கு

வாடகை வீட்டில் இருப்போர்க்கு வலைக்கும் மண்ணுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டுக்காரரின் இசைவை எழுத்தில் பெறுதலே அது. வாய்ச்சொல் காற்றோடு போகும். எத்தனை பூனை, சுவரும் தளமும் பழுதுபட்டால் யார் பொறுப்பு, வீட்டைவிட்டுப் போகும்போது எவற்றைப் பழையபடி ஆக்கித் தருவது என்பனவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் பிற்பாடு வழக்கில்லை. சுவரில் துளையிட வேண்டாமென்றால், சன்னற் கம்பியோடு சேர்த்துக் கட்டி வேண்டும்போது கழற்றத்தக்க வலைகள் கிடைக்கின்றன. ஒளித்து வளர்ப்பது ஆகாது. ஒளித்து வளர்க்கப்படும் பூனைக்கு நோய் வந்தால் வைத்தியமும் ஒளிவாகிவிடும். அயலார் புகார் செய்த மறுநாளே அது தெருவிற்குப் போகும். தடைக்காலத்து ஆண்டுகள் கற்பித்த பாடம் இதுவே.

மலேசியாவில் வாழும் நேயர்கள் இதனை இன்னும் கருத்தாகக் கொள்ளவேண்டும். அடுக்குமாடிகளுக்கான 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, அயலார்க்குத் தொல்லையோ தீங்கோ தரும் விலங்கை வீட்டில் வைத்தல் கூடாது; நிர்வாகக் குழு எழுத்தில் அறிவித்தால் மூன்று நாளுக்குள் அதனை அகற்றிவிடல் வேண்டும். மூன்று நாளில் ஒரு பூனைக்கு வேறு வீடு தேடுவது எளிதன்று. தொல்லை என்னும் சொல்லுக்கு இடங்கொடாமல் வாழ்வதே அங்குப் பூனைக்கும் அதன் குடும்பத்திற்கும் காவல்.

இவ்வரலாற்றினின்று நாம் பெறத்தக்கது யாது? தடை நீங்கியது கெஞ்சியதனாலன்று. சினந்து பேசியதனாலும் அன்று. தெருப்பூனைகளைத் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கருத்தடை செய்த பெயர் தெரியாத பலர், சன்னலுக்கு வலை அடித்துக்கொண்டு பத்தாண்டு பொறுத்திருந்த சோங் பாங் மக்கள் ஆகியோர், அஞ்சியதற்குக் காரணமில்லை என்பதைச் செய்து காட்டினர். காரணம் போயிற்று, பின்னர்த் தடையும் போயிற்று. உரிமை கேட்பவன், அவ்வுரிமையால் பிறர்க்குத் தீங்கு வாராதென்பதைத் தன் வாழ்க்கையிலேயே நிறுவிக் காட்டும்போது, அவன் வேண்டுகோளை நெடுநாள் மறுப்பது எவ்வதிகாரிக்கும் அரிதாகிவிடும்.

பெற்ற உரிமை நம் கையிலேயே கெடவும் கூடும். திறந்த சன்னலினின்று ஒரு பூனை வீழ்ந்தாலும், விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பம் ஒரு பூனையைக் கீழ்த்தளத்தில் விட்டுச் சென்றாலும், பழைய குற்றச்சாட்டு மீண்டும் எழும். ஆகவே தெருவில் கிடக்கும் ஓர் உயிரை வீட்டிற்கு அழைத்துவர விரும்புவோர் முதலில் சன்னலைப் பார்க்கட்டும். பின்னர் ஒப்பந்தத்தைப் பார்க்கட்டும். அதன்பின் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குத் தமக்கு அப்பொறுப்பை ஏற்க மனமும் பொருளும் உண்டா என்று பார்க்கட்டும். மூன்றும் உண்டென்றால் தயங்கவேண்டியதில்லை. பூனைக்கு அதன் காலம் வந்துவிட்டது. அக்காலத்தை நிலைநிறுத்துவது நம் கடன்.